மனோன்மணி அக்காவின் முதல் எழுத்து

1

நான் ஸ்காபரோவுக்கு வந்து இந்த மாசியோடு இருபத்தைந்து வருடம் நிறைகிறது. அதற்காக என் மகள் அனிற்றா ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். போன இடத்தில் எங்கள் இருவருக்கும் சின்னச் சண்டை வந்தது. காரணம் என் கைத்தொலைபேசி.

அதில் படங்களை அடுக்கிவைக்கும் செயலி ஒன்று இருக்கிறது. பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் வேலை இல்லாத நேரங்களில் உட்கார்ந்து, ஊர்ப் படங்களுக்கெல்லாம் தமிழில் தலைப்புப் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் அந்தச் செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. தலைப்புகள் முழுவதும் போய்விட்டன. கொட்டாஞ்சேனை வீடும் அனிற்றாவின் பட்டமளிப்பும் யாரோ ஒருவருடைய நாய்க்குட்டியும் ஒரே குவியலாகக் கிடந்தன. கீழே 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று ஒரு பெட்டி இருந்தது. மரியாதையாக நாலு வரி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

அனிற்றா வேலை செய்வது அந்தச் செயலியை உருவாக்கும் கம்பனியில்தான். உலகத்தின் பெரிய மென்பொருள் கம்பனிகளில் அதுவும் ஒன்று. அதன் ரொறன்ரோ அலுவலகத்தில், வாடிக்கையாளர்கள் எழுதுவதைக் கவனிக்கும் பிரிவில் அவள் இருக்கிறாள். அதனால் என் நாலு வரியை யார் வாசித்தது என்று அவளிடமே கேட்டேன்.

"ஒருத்தரும் வாசிக்கிறேல்ல அம்மா," என்றாள். "மெஷின் வாசிச்சுப் பிரிச்சுப் போடும். நாங்க நம்பரப் பாப்பம். ஒரே கொம்பிளெய்ன நிறையப் பேர் சொன்னா, அது மேல வரும்."

அவள் ஒளிக்காமல் சொன்னாள். இத்தனை கோடிப் பேர் எழுதுவதை மனிதர்கள் உட்கார்ந்து வாசிக்க முடியுமா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒரு காலத்தில் ஒரு பெரிய கம்பனிக்கு நான் எழுதினேன் என்றும், அதை ஒருத்தி வாசித்தாள் என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். கதையை முழுதாகச் சொல்ல முயன்றேன். லொட்ஜ் என்றால் என்ன, பொலிஸ் பதிவு என்றால் என்ன என்று ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே சாப்பாடு வந்துவிட்டது. அவளுடைய தமிழ் பாதி வழியில் நின்றுவிடும். என் ஆங்கிலம் மற்றப் பாதி வழியில் நின்றுவிடும். அங்கே சொல்லி முடிக்காததை உங்களுக்கு எழுதுகிறேன். லொட்ஜைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போய் வந்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குலசிங்கம் அண்ணையின் டைப்செட்டிங் கடை இருந்தது. அண்ணை யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்திருந்தவர். அச்சகம் குண்டுவீச்சில் போனபின் கொழும்புக்கு வந்து, ஒரு கொம்பியூட்டரும் ஒரு பிரின்டரும் வைத்துத் திரும்பவும் தொடங்கினார். கடைக்குள் குளிரூட்டி கொம்பியூட்டருக்காகவே போடப்பட்டிருந்தது. வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கோயிலுக்குள் போவதுபோல் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். எனக்கும் முதல் ஆறு மாதம் அந்தப் பயம் இருந்தது.

தமிழ் வேலையை அண்ணை செய்வார். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல் எல்லாம் அவர் கையால்தான். நான் துறைமுகப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். சிங்களம் எழுத வாசிக்கத் தெரியும். அதனால் சிங்கள வேலை என்னிடம் வந்தது. அந்த நாட்களில் சிங்கள வேலை என்றால் பெரும்பாலும் லொட்ஜ்களின் பட்டியல்தான். வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம் எல்லாவற்றையும் சிங்களத்தில் அடித்துப் பொலிசில் கொடுத்து முத்திரை வாங்கவேண்டும். அந்தப் பட்டியலின் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஆட்கள் வெளியே இறங்குவார்கள்.

அண்ணை ஒரு விசயத்தில் பிடிவாதக்காரர். ஊரெல்லாம் மென்பொருளைக் களவாகப் பிரதி எடுத்துப் பாவித்தபோது, அவர் மட்டும் கோட்டையில் ஒரு கடையில் சொல்லிவைத்து, பெட்டியோடு அசலை வாங்கினார். அது ஒரு பெரிய அமெரிக்கக் கம்பனியின் எழுத்துவேலை மென்பொருள். அந்த வருடம் அதன் புதிய பதிப்பு வந்தது. பெட்டிக்குள் தடித்த புத்தகம் ஒன்றும், 'உங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்கு எழுதுங்கள்' என்ற அட்டையும் இருந்தன. அட்டையில் விலாசமும் இருந்தது. அண்ணை அதை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார், அழகாக இருந்ததால்.

3

வவுனியாவிலிருந்து மனோன்மணி அக்கா என்ற ஒருவர் எங்களுக்குப் பக்கத்து லொட்ஜில் வந்து தங்கினார். கணவருக்குக் குடலில் சத்திரசிகிச்சை. களுபோவில ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்திருந்தார்கள். அக்கா காலையும் பின்னேரமும் சாப்பாட்டுக் கரியரோடு பஸ் ஏறிப் போய் வருவார். லொட்ஜ் பட்டியலில் அவருடைய பெயரை அடித்தது நான்தான்.

சத்திரசிகிச்சை நாளன்று காலையில் சோதனைச்சாவடி ஒன்றில் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையில் 'மனோன்மணி' என்று இருந்தது. முத்திரை குத்திய பட்டியலில் 'அம்பனோன்மணி' என்று வாசிக்கிறமாதிரி இருந்தது. சிங்களத்தில் 'ம' என்ற எழுத்துக்கும் 'ம்ப' என்ற எழுத்துக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழிதான். சோதித்தவர் அந்தச் சுழியைப் பார்த்துவிட்டார். அக்காவை இறக்கி ஒரு பக்கமாக உட்காரவைத்தார்கள். அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது.

லொட்ஜ் முதலாளி ஓடிவந்து சொன்னபோது பத்து மணி இருக்கும். அண்ணையும் நானும் அவரோடு போனோம். அண்ணை வெளியே நின்றுவிட்டார். அவருடைய அடையாள அட்டை யாழ்ப்பாணத்து அட்டை, உள்ளே போனால் அவரையும் பிடித்துவைப்பார்கள். நான் உள்ளே போய், பிழை என்னுடையது, அடித்தது நான், கொம்பியூட்டரில் பிழைத்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னேன். மேசையில் இருந்த அதிகாரி வயதானவர், கோபக்காரர் அல்ல.

"கொம்பியூட்டர் வெரதி கரன்னே நே, நங்கி," என்றார். கொம்பியூட்டர் பிழை விடாது தங்கச்சி என்று அர்த்தம். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார். அன்றைக்கு வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

லொட்ஜின் பதிவுப் புத்தகம், வவுனியாவிலிருந்து எடுத்த பயண அனுமதி, ஆஸ்பத்திரித் துண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டி, அக்காவை விடும்போது பின்னேரம் மூன்றரை. கணவரைக் காலை ஒன்பதுக்கே சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள். மனைவி வரவில்லை என்றால் அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று சொல்லி, அவர் தள்ளுவண்டியிலிருந்து எழும்பப் பார்த்தாராம். நான்கு பேர் பிடித்துப் படுக்கவைத்ததாகப் பக்கத்துக் கட்டில்காரர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அக்கா கடைக்கு வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, என்ர பேரை ஒருக்கா வடிவா அடிச்சுத் தாங்கோ. நான் திரும்பவும் போகவேணும்."

4

அவர் முன்னாலேயே அடித்தேன். இம்முறை கண்ணைத் திரையில் வைத்திருந்தேன். வழமையாக நாங்கள் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத்தான் அடிப்போம். 'ம' சரியாக விழுந்தது. பெயரை முடித்து அடுத்த சொல்லுக்கு இடம் விட்ட கணத்தில், முதல் எழுத்து தானாகவே 'ம்ப' ஆனது. திரும்பவும் அடித்தேன். திரும்பவும் மாறியது. அக்கா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். "பேயோ?" என்று கேட்டார்.

அன்று முழுவதும் இருந்து கண்டுபிடித்தேன். எங்கள் சிங்கள எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஏற்றப்பட்டவை. ஆங்கிலத்தின் சின்ன யு விசையில் 'ம' இருக்கும், பெரிய யு விசையில் 'ம்ப' இருக்கும். புதிய பதிப்பில், முற்றுப்புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிக்கொடுக்கும் வசதி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கு அது நல்ல உதவி. எங்கள் பட்டியலிலோ ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இலக்கமும் புள்ளியும் இருந்தன. மென்பொருள் எங்களை ஆங்கிலேயர் என்று நினைத்து, கேட்காமலே உதவிசெய்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்குக் கீழே இருந்த அட்டையை எடுத்து, எழுதப்போகிறேன் என்று அண்ணையிடம் சொன்னேன். அவர் பகிடியாகச் சொன்னார்: "அவங்களுக்கு வெள்ளவத்தை எண்டு ஒரு இடம் இருக்கிறதே தெரியாது, ஸ்டெல்லா. முத்திரைதான் வீண்."

ஆனாலும் எழுதினேன். மூன்று பக்கம். கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலம். விசைகள் எவை, எழுத்துகள் எவை, மாறுவதற்கு முன் ஒரு தாள், மாறியபின் ஒரு தாள். பிறகு, இதெல்லாம் ஒரு சுழிக்காக எழுதுகிற பைத்தியம் என்று அவர்கள் நினைக்கக்கூடாது என்பதற்காக, மனோன்மணி அக்காவுக்கு நடந்ததையும் எழுதினேன். பின்னேரம் மூன்றரைக்கு விட்டார்கள் என்பதோடு கடிதம் முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து, கம்பனியின் பெயர் அச்சிட்ட தடித்த உறை ஒன்று வந்தது. அண்ணை அதை மேசையில் வைத்துவிட்டு, நான் கை கழுவி வரும்வரை தொடாமல் நின்றார்.

மார்கரெட் என்ற பெண்மணி எழுதியிருந்தார். முதல் பக்கத்தில், அந்த வசதியை எப்படி நிறுத்துவது என்று இருந்தது. திரையின் படம் ஒன்றை அச்செடுத்து, எந்தப் பட்டியலுக்குள் போய் எந்த அடையாளத்தை எடுக்கவேண்டும் என்று நீலப் பேனையால் கையாலேயே அம்புக்குறி கீறியிருந்தார். அரை நிமிட வேலை. தடித்த புத்தகத்தில் அது இருந்திருக்கிறது, நாங்கள் வாசிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில், அதை நிறுத்தத் தெரியாதவர்கள் வேறும் பலர் இருப்பார்கள், இந்த எழுத்துருவை ஒரு பிளொப்பித் தட்டில் அனுப்ப முடியுமா, எங்கள் ஆட்களிடம் காட்டவேண்டும் என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி. அந்தப் பெண் அன்று பின்னேரம் தன் கணவரிடம் போய்ச் சேர்ந்தாளா என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை அண்ணை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கடலுக்கு அப்பால், எத்தனை மாடிக் கட்டடமோ தெரியாத ஒரு இடத்தில், யாரோ ஒருத்தி என் மூன்று பக்கத்தையும் கடைசி வரிவரை வாசித்து, நான் சொல்லாமல் விட்டதைக் கேட்கிறாள். எங்களிடம் அந்த நாட்களில் கேள்வி கேட்டவர்கள் நிறையப் பேர். இப்படி ஒரு கேள்வியை அதற்கு முன் ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை.

5

பிளொப்பியை அனுப்புவது கடிதம் அனுப்புவதுபோல் இலேசாக இருக்கவில்லை. தபால் கந்தோர் ஜன்னலில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார். எழுத்து என்றேன். யாருக்கு எழுதிய எழுத்து என்றார். ஒருவருக்கும் எழுதவில்லை, வெறும் எழுத்து என்றேன். அவர் முகம் மாறியது. மேலதிகாரியைக் கூப்பிட்டார். தமிழ்ப் பெண் ஒருத்தி அமெரிக்காவுக்கு அனுப்பும் பிளொப்பிக்குள் என்ன இருக்கும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள் என்பதை நீங்கள் ஊகிக்கலாம்.

மேலதிகாரி என்னை உள்ளே இருத்தினார். பதில் சொல்லத் தெரியாமல், அங்கே கிடந்த படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் சிங்கள நெடுங்கணக்கை முதலிலிருந்து எழுதிக் காட்டினேன். இதுதான் உள்ளே இருக்கிறது, இந்த எழுத்துகள் அங்கே பிழையாக விழுகின்றன, சரிசெய்யக் கேட்கிறார்கள் என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே முத்திரை குத்தினார். தன்னுடைய எழுத்துக்காக யாராவது அவ்வளவு தூரம் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். நான் எழுதியது மனோன்மணி அக்காவுக்காக. அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அக்காவும் கணவரும் அதற்குள் வவுனியாவுக்குத் திரும்பியிருந்தார்கள். கணவர் சுகமாக நடந்துதான் போனார். அதை மார்கரெட்டுக்கு எழுதி பிளொப்பியோடு வைத்திருந்தேன். அதன்பின் அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் கிடைக்கவில்லை.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, ஒரு பெட்டி வந்தது. மென்பொருளின் அடுத்த பதிப்பு. காசு கட்டாமல், கேட்காமல் வந்தது. மேலே ஒட்டிய சிறு தாளில் 'மொழிகள் என்ற இடத்தைப் பாருங்கள்' என்று மார்கரெட்டின் நீலப் பேனை.

மொழிகள் என்ற இடத்தில் புதிதாக ஒரு சின்னச் சதுரம் இருந்தது. அதில் அடையாளமிட்டால், ஆங்கிலமல்லாத எழுத்துருக்களில் மென்பொருள் கைவைக்காது. அண்ணை கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சிங்களம் அடிக்கத் தெரியாதவர் என்னிடம் விசையைக் கேட்டு, ஒன்று, புள்ளி, மனோன்மணி என்று ஒற்றை விரலால் அடித்தார். இடம் விட்டார். 'ம' அப்படியே நின்றது. அடுத்த வரியில் திரும்பவும் அடித்தார். பக்கம் நிறையும்வரை அடித்தார். பிறகு ஒழுங்கைக்குப் போய், பக்கத்து நகைக்கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினார். அவருக்கு என்ன பார்க்கவேண்டும் என்று விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

நான் நினைத்தது வேறு. இந்தச் சதுரம் எங்கள் கடைக்கு மட்டும் வரவில்லை. அந்தப் பெட்டி போன நாடெல்லாம் போயிருக்கிறது. பெயர் தெரியாத எத்தனையோ ஊர்களில், தங்கள் எழுத்து ஏன் மாறுகிறது என்று தெரியாமல் இருந்தவர்களின் மேசையில் அது இருக்கிறது. வெள்ளவத்தை ஒழுங்கையிலிருந்து போன மூன்று பக்கம் அதைச் செய்யும் என்றால், இந்த இயந்திரங்களின் வலிமை எவ்வளவு என்று யோசித்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் சிலிர்க்கும்.

6

கனடாவுக்கு வந்த முதல் மாதத்தில், மார்கரெட்டுக்கு நன்றி சொல்வதற்காகக் கடிதத்தாளில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பதிவுசெய்த குரல் ஒன்று, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்துவிட்டது. கம்பனியை இன்னொரு கம்பனி வாங்கிவிட்டதென்றும், கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவை மூடிவிட்டார்களென்றும் பிறகு அறிந்தேன். அப்படியென்றால் எங்களைக் கவனித்தது கம்பனியா, மார்கரெட்டா? பல வருடம் யோசித்திருக்கிறேன். மார்கரெட்டை அந்தக் கதிரையில் சம்பளம் கொடுத்து இருத்தியது கம்பனி. அந்தக் கதிரையைத் தூக்கியதும் கம்பனிதான்.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் இதையும் சொன்னேன். அனிற்றாவுக்குக் கோபம் வந்தது. "இப்ப நீங்க ஃபோனில தமிழ் அடிக்கிறீங்க தானே? அது ஒருத்தரும் லெட்டர் எழுதி வரேல்ல. எத்தின பேர் தமிழில தேடினவை எண்டு பாத்துத்தான் செஞ்சது," என்றாள். கைக்குள் அடங்கும் ஒரு சாமானில் நான் அம்மாவுக்குத் தமிழில் எழுதுவேன் என்று வெள்ளவத்தையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். எண்ணுவதும் ஒரு கவனிப்புத்தான் என்று ஒத்துக்கொண்டேன். பில்லை யார் கொடுப்பது என்பதில் இன்னொரு சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

பத்து நாள் கழித்து, கிளினிக்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தொலைபேசியில் எடுத்தாள். வேலை நேரத்தில் எடுப்பவள் அல்ல. மெஷினால் பிரிக்க முடியாமல் ஒதுக்கிவைத்த கடிதங்கள் ஒரு கோப்பில் கிடந்தனவாம். அன்று அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். அதில் ஒன்று தமிழில் இருக்கிறது, இலங்கையிலிருந்து, மொழிபெயர்க்கப் போட்டால் கோணலாக வருகிறது, பெயரை எடுத்துவிட்டு அனுப்புகிறேன், வாசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

அனுப்பினாள். நான் சத்தமாக வாசித்தேன்.

"வணக்கம். ஒவ்வொரு வருசமும் தை மாதத்தில் ஒருநாள் காலையில் என் மகனின் படத்தை நீங்கள் எனக்கு அனுப்புவீர்கள். பாட்டும் சேர்த்துப் போடுவீர்கள். அவன் இரத்மலானைக்கு வேலைக்குப் போன இடத்தில் காணாமல் போனவன். இந்த வருசம் படம் வரவில்லை. நான் ஏதும் பிழையாக அழுத்தியிருந்தால் மன்னிக்கவும். எனக்கு அதைத் தேடி எடுக்கத் தெரியாது. தயவுசெய்து அனுப்பிவைக்கவும்."

மெதுவாக இன்னொருக்கா வாசிக்கச் சொன்னாள். சொல்லுக்குச் சொல் நிறுத்தி வாசித்தேன். 'காணாமல் போனவன்' என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். லொட்ஜைப் பற்றியும் பட்டியலைப் பற்றியும் அப்போதுதான் அவள் கேட்கத் தொடங்கினாள். எனக்கு அடுத்த நோயாளி வந்து நின்றார். இரண்டு நிமிடம் பொறுக்கச் சொன்னேன்.

செயலி புதுப்பிக்கப்பட்டபோது, சில மொழிகளில் பாவிப்பவர்களுக்கு, பழைய படமொன்றை வருசாவருசம் அதே திகதியில் பாட்டோடு காட்டும் வசதி தானாக நின்றுபோயிருக்கிறது. அப்படி நின்றதாக இந்த அம்மாவைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் எண்ணிக்கையில் தெரிந்திருக்காது. அதைத் திரும்பப் போடுவதற்கு அனிற்றா மூன்று கூட்டங்களில் கதைக்கவேண்டியிருந்ததாம். ஒரு கூட்டத்தில், என் உச்சரிப்பை ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் கடிதத்தைத் தமிழிலேயே வாசித்திருக்கிறாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் முடியும்வரை கேட்டார்களாம்.

பதிலை நானும் அவளும் சேர்ந்து எழுதினோம். 'தாங்கள்' என்று போடுவதா 'நீங்கள்' என்று போடுவதா என்று அரை மணித்தியாலம் கதைத்தோம். 'அம்மா' என்று தொடங்கி, அனிற்றாவின் பெயரோடு முடித்தோம்.

போன வெள்ளிக்கிழமை அந்த அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. அனிற்றா அதை எனக்கு அனுப்பவில்லை. தொலைபேசியில், எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தானே வாசித்தாள். நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"படம் வந்தது, மகள்."

கடைசிச் சொல்லை வாசித்துவிட்டு, தான் மகள் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.